மணல் திட்டில் நின்றவன்

என் மனைவியின் தம்பி தலவாக்கலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். நான் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தால் இரண்டு பேரும் டவுனுக்குக் கீழே இருக்கிற நீர்த்தேக்கத்துக் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவோம். அதிகம் பேச மாட்டோம். கிடைத்தால் இரண்டு திலாப்பியா, இல்லாவிட்டால் நனைந்த சட்டை. கூடப் பிறந்தவர்களைவிட அவன்தான் என்னோடு ஒட்டியவன்.

இந்தத் தண்ணீர் மகாவலி ஆற்றோடு சேர்ந்து கடலில் விழுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவனுக்கு வெகுநாள் ஆசை.

"நம்ம ஆத்துத் தண்ணி கடைசியா எங்க போய்ச் சேருதுனு பாக்க வேணாமா மச்சான்? அங்க கொடுவா மீனு கை நீளத்துக்கு இருக்காம்."

போன வருஷம் பௌர்ணமிப் போயா லீவு ஞாயிறோடு சேர்ந்து வந்தது. கிளம்பிவிட்டோம். கண்டிக்குப் போய் திருகோணமலை பஸ் பிடித்து, மறுநாள் காலை மூதூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். மகாவலி அங்கே அகலமாகி, பழுப்பு நிறத்தில், அவசரமே இல்லாமல் கிடந்தது. இரண்டு கரையிலும் கண்டல் மரங்கள் சேற்றுக்குள் வேரை ஊன்றி நின்றன. வெயில் எங்களுக்குப் பழக்கமில்லாத வெயில்.

படகுக்காரர் வயதான முஸ்லிம் மனிதர். நாங்கள் அவரை நானா என்று கூப்பிட்டோம். ஏறுவதற்கு முன்பே ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவைச் சட்டையைக் கையில் கொடுத்தார்.

"நீச்சல் தெரியுமா தம்பி?"

"எங்க ஊர்த் தண்ணியில யாரு நானா எறங்குவா? வெறச்சிப் போயிருவோம்" என்று சிரித்தான் என் மச்சினன்.

முகத்துவாரத்து மணல் திட்டில் எங்களை இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்த தன் வலையைப் பார்க்கப் போனார். போகும்போது சொன்னார்: "கடல் பக்கத்து ஓரத்துக்குப் போகாதீங்க. மேல பாத்தா கெட்டியா இருக்கும். கீழ தண்ணி அரிச்சிருக்கும்."

புழுக்கம் தாங்காமல் அவன் மிதவைச் சட்டையைக் கழற்றி மணலில் போட்டான். நான் கழற்றவில்லை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அரை மணி நேரம் எதுவும் கடிக்கவில்லை. அவன் தூண்டிலோடு மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தான். "அங்க போகாத மாப்ள" என்றேன். "இங்கனதான் மச்சான் மீன் துள்ளுது" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, அவன் காலடியில் மணல் சரிந்தது.

இடுப்பு வரை போனான், பிறகு நெஞ்சு வரை. என்னிடமிருந்து இரண்டு எட்டுதான். அவன் கையை நீட்டினான். "மச்சான்!" என்று ஒரு தடவை கூப்பிட்டான். என் கையில் நீளமான தூண்டில் கம்பு இருந்தது. உடம்பில் மிதவைச் சட்டை இருந்தது. நான் கம்பை நீட்டவில்லை. மணல் இன்னும் சரிந்துவிடும் என்று பின்னால் நகர்ந்தேன். ஒரு எட்டு இல்லை, மூன்று நான்கு எட்டு. அவன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலை மூழ்கியது.

நானாதான் சத்தம் கேட்டுப் படகைத் திருப்பி வந்தார். கயிற்றை வீசி, முடியாமல், குனிந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். திட்டில் படுக்கப் போட்டதும் அவன் தண்ணீராய் வாந்தி எடுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். நானா என் ஆரஞ்சுச் சட்டையை ஒரு தடவை பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னலில் தலை சாய்த்திருந்தான். "என்ன மாப்ள செய்யுது?" என்று கேட்டேன். "தலைய வலிக்குது மச்சான்" என்றான். கண்டி வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். ஹயர் இருக்கிறது, ஆள் ஏற்றிப் போக வேண்டும் என்றான். அதற்கடுத்த ஞாயிறும் ஹயர். பிறகு நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் மனைவி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும். வந்த அன்னிக்கே தம்பி சொல்லிட்டான். உங்ககிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுனு எங்கிட்ட சத்தியம் வாங்கினான்."

இந்த மூன்று மாதமும் அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவன் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அன்னிக்கு நான்..."

"விடுங்க மச்சான். நான் உங்க எடத்துல இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல."

ஒரு பெண் மரக்கறிப் பையோடு வந்து ஏறினாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அது எனக்காகச் சொன்ன பொய். அவன் குதித்திருப்பான். நீச்சல் தெரியாவிட்டாலும் குதித்திருப்பான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு வந்தான். என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டான். மழை இந்த வருஷம் விடாது போலிருக்கிறது என்றான். ஆமாம் என்றேன்.