வல்லை வெளியில் நான் நட்ட வாழைகள்

போன ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தெல்லிப்பழையிலிருந்து வல்லை வெளிவரை ஒன்பது மைல் போய் வந்தேன். ஒன்பது மைலுக்கு ஒரு கட்டுரையா என்று சிரிப்பீர்கள். என் மூத்த மகன் சிவராசன், தானே செய்த ஆகாயக்கப்பலில் அன்றுதான் முதன்முதலாகப் பறந்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்; பிழை பொறுத்து வாசியுங்கள். இப்படியொரு காட்சிக்குப் போக நினைப்பவர்கள் நான் செய்ததைச் செய்யக்கூடாது என்றே எழுதுகிறேன்.

சிவராசன் மலாயாவில் ஐந்து வருடம் வேலை பார்த்தவன். பறக்கப் பழகியதும் அங்கேதான். ஊருக்கு வந்ததும், வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டும் கந்தையா ஓடாவியாரைப் பிடித்து, மரச்சட்டமும் துணியுமாக இறக்கை செய்வித்தான். மூக்கில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரம். எட்டு மாத வேலை.

அதிகாலை நாலரைக்கு வண்டில் கட்டினோம். ஓட்டியவர் என் மைத்துனர் செல்லத்துரை. பின்னால் குலையோடு இரண்டு வாழை, இரண்டு கமுகு, தென்னோலைத் தோரணம், நிறைகுடத்துக்குச் செம்பு. அச்சுவேலியில் இரண்டு சதத்துக்குத் தேநீர் குடித்தோம். ஏழேகாலுக்கு வெளியை அடைந்தோம். சிவராசனும் ஓடாவியாரும் முதல்நாளே கப்பலைக் கொண்டுவந்து அங்கே காத்திருந்தார்கள்.

காய்ந்து இறுகிய உப்புத்தரை இரண்டு பர்லாங் தூரந்தான். அதற்கு மேற்கே சேறு. கிழக்கு முனையிலிருந்து ஓடி ஏறுவான். இறங்கும்போதும் கிழக்காலேயே வருவான்.

"அப்பு, ஏறுறது பெரிய காரியமில்லை," என்றான் சிவராசன். "இறங்கேக்கைதான் கண்டம். நிலத்துக்குக் கிட்ட வேகம் குறைஞ்சால் இறக்கை தாங்காது. நான் கிழக்காலை நல்லாத் தாழ வருவன். உந்தப் பக்கம் ஒருத்தரும் நிக்கக்கூடாது."

"ஓம், ஓம்," என்றேன். காது அவனிடம் இருந்தது. மனம் வண்டிலில் இருந்த வாழையில்.

எட்டு மணிக்கு ஏறினான். வல்வெட்டித்துறைக் கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றி இருபது நிமிடத்தில் திரும்புவதாகச் சொல்லியிருந்தான். சேறு தொடங்கும் இடத்தைக் காட்ட ஓடாவியார் கொடித்துணியோடு மேற்கு முனைக்குப் போனார். நான் அலவாங்கை எடுத்துக் கிழக்கு முனையில் குழி தோண்டத் தொடங்கினேன்.

"அத்தான், அங்கை நிக்கக்கூடாதெண்டல்லோ பொடியன் சொன்னவன்?"

"ஆக்களைத்தானே சொன்னவன்? வாழையைச் சொல்லேல்லையே! வெளிக்கிட்ட வாசலாலைதானே வருவான், பிடியும் உந்தக் கமுகை."

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் முடித்து வருபவனை வெறும் வாசலால் உள்ளே விடமாட்டோம். இறக்கை இருபத்திரண்டு அடி. நான் கயிறு பிடித்து அளந்து இருபத்தைந்தடி அகலம் விட்டேன். பன்னிரண்டடி உயரத்தில் தோரணத்தை இழுத்துக் கட்டினேன். வெளியே எங்கேயோ இறங்கி, வண்டில் மாதிரி உருண்டு, வாசலால் உள்ளே வருவான் என்பது என் கணக்கு.

வடகிழக்கில் சத்தம் கேட்டது. ஒரு பனை உயரத்தில் வந்தான். பிறகு அரைப்பனை. சில்லு இன்னும் நிலத்தில் பட்டு உருளவில்லை. அது நேரே தோரணத்துக்கு வருகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அறு! அறு!" என்று கத்தினேன். கத்தியோ வண்டிலில், தொண்ணூறு அடி தள்ளி. செல்லத்துரை ஓடினார். நான் கமுகைக் கட்டிப்பிடித்து இழுத்தேன், அசையவில்லை. என் வீட்டு வேலிக்குக்கூட நான் இவ்வளவு ஆழமாகக் கதியால் நட்டதில்லை. கமுகின் அடியில் முடிந்திருந்த கயிற்று நுனியைப் பல்லால் கடித்தேன். தலைக்கு மேலே காற்று அடித்தது.

அவன் மூக்கைத் தூக்கிவிட்டான். தோரணத்துக்கு மேலே ஒரு முழம் விலகிப் போனான். இயந்திரம் இரைந்து திணறியது. கப்பல் ஒரு கணம் ஆகாயத்தில் அப்படியே நின்றது. பிறகு இடது இறக்கை சரிந்தது. மரம் முறியும் சத்தம். புழுதி. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஓடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு, பதில் வராவிட்டால்? பெற்றோல் மணத்தது. ஓடாவியார் எனக்கு முன்னால் போய்த் துணியைக் கிழித்து, வாரை அறுத்து அவனை இழுத்தெடுத்தார். கண் திறந்திருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே பிசகிக் கிடந்தது.

"ஆர் உதைக் கட்டினது?" என்றான்.

ஓடாவியார் என்னைப் பார்த்தார். செல்லத்துரை கத்தியைப் பார்த்தார்.

"நான்தான், ராசா."

தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தான். "அகலம் போதும், அப்பு," என்றான்.

அந்தப் பக்கம் வந்த ஒரு காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முறிந்த எலும்பு ஒன்றுதான். மூன்றாவது வாரம் வண்டிலில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசல் படலையில் என் மனைவி வாழை நட்டு, தோரணம் கட்டி, நிறைகுடத்தோடு நின்றாள். நான் வண்டிலை நிறுத்திக் குதித்து, கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"விடுங்கோ அப்பு," என்றான் பின்னாலிருந்து. "இதுக்குக் கீழாலை போகலாம்."

போகிறவர்களுக்கு: விடிய ஆறு மணிக்கு முன்னர் போய்விடுங்கள், பிறகு சோளகக் காற்று எழும்பிவிடும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிணறு இல்லை. பறக்கிறவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். வாழையை வண்டிலிலேயே விடுங்கள். சில்லு நின்று, அவன் காலை மண்ணில் வைத்த பிறகு இறக்கலாம். ஓடாவியார் புது இறக்கைக்கு மரம் அறுக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த முறை நான் எங்கே நிற்கவேண்டும் என்று சிவராசனிடம் கேட்டேன். ஓடாவியாருக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு என்றான். இப்போதே வீட்டில் நின்று பழகுகிறேன்.