‘போயிட்டு வரேன்’னு சொன்னேன்... போலீஸ் வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு நிவேதா மேல்படிப்புக்காக இத்தாலி கிளம்பினாள். ஏர்போர்ட் காரில் ஒரு காலை வைத்தபடி, “சரிம்மா, நான் போறேன்” என்றாள். அவ்வளவுதான், அவள் அம்மா காரை மறித்துக்கொண்டார்.

“போறேன்னா சொல்ற? எறங்குடி கீழ. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு ஏறு.”

இறங்கினாள், சொன்னாள், ஏறினாள். தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் பக்கென்றது. இத்தாலியில் அந்தப் ‘போயிட்டு வரேன்’ என்னை என்ன பாடு படுத்தியது என்று அந்த நேரத்தில் அந்த அம்மாவிடம் சொல்லவா முடியும்? உங்களிடம் சொல்கிறேன்.

நான் படிக்கப் போன ஊர் தொரினோ. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்தவள் அல்லவா... பிரெஞ்சும் இத்தாலியும் அக்கா தங்கைதானே, சமாளித்துவிடலாம் என்று ஒரு திமிர். ரயிலை விட்டு இறங்கிய அரை மணி நேரத்தில் திமிரும் இறங்கிவிட்டது. அவர்கள் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

அதைவிடப் பெரிய அடி, ரூம். போனில் அரைகுறை ஆங்கிலத்தில் “வாங்க, பாக்கலாம்” என்பார்கள். நேரில் என் முகத்தைப் பார்த்ததும், “இப்பதான் வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்” என்பார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல... ஐந்து வீடு. முகவரி இல்லாவிட்டால், அந்த நாட்டில் தங்கும் அனுமதிக்கான பேப்பர் நகராது. ஆறாவது வீட்டில் லீனா இருந்தார். அறுபது வயது, தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், தனி ஆள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலண்டரைக் காட்டி, “ஒரு மாசம் இரு, அப்புறம் சொல்றேன்” என்று ஜாடையில் சொன்னார். இதுவும் போனால் ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்.

ஆரம்பத்திலேயே நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து ‘போகிறேன்’ என்பதற்கு ஒரு வார்த்தை, ‘திரும்பி வருகிறேன்’ என்பதற்கு ஒரு வார்த்தை எடுத்து நானே ஒட்டவைத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு, அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்த லீனாவைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னேன்: “வாதோ எ தோர்னோ.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. என் இத்தாலியைக் கேட்டு அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல?

யூனிவர்சிட்டியில் ஒரு வரிசை, அடையாள அட்டைக்கு இன்னொரு வரிசை, அப்புறம் லைப்ரரி. புது சிம் கார்டு இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் படியேறி வந்தால்... வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள்.

என்னிடம் இருந்தது அனுமதிக்கு விண்ணப்பித்த ரசீது ஒன்றுதான். அதை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. உள்ளே சோபாவில் லீனா உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

ஒரு போலீஸ்காரருக்கு பிரெஞ்சு தெரிந்திருந்தது. “காலைல என்னம்மா சொல்லிட்டுப் போன?” என்று கேட்டார். சொன்னேன்.

“அதுக்கு இங்க, ‘தோ, ரெண்டு நிமிஷத்துல வந்துர்றேன்’னு அர்த்தம். இவங்க ஒம்பது மணி நேரமா பால்கனிக்கும் தெருவுக்கும் அலைஞ்சிருக்காங்க. கடைசியில பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டுட்டாங்க.”

மேஜையில் இரண்டு கப் இருந்தது. எனக்கு ஊற்றி வைத்த காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கொட்டினேன். “எங்க ஊர்ல போறேன்னு மட்டும் சொல்லக் கூடாதுங்க. ஒருத்தர் ‘போயிட்டாரு’ன்னா செத்துட்டாருன்னு அர்த்தம். எத்தனை மணி நேரம் ஆனாலும் போயிட்டு வரேன்னுதான் சொல்லணும்.”

போலீஸ்காரர் அதை இத்தாலியில் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். லீனா சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். கேட்கக் கேட்கப் போலீஸ்காரரின் சிரிப்பு நின்றுபோனது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“இந்த வீட்டுல அதைக் கடைசியாச் சொன்னது இவங்க புருஷனாம். ரொட்டி வாங்கப் போறப்ப, இதே வாசல்ல நின்னு சொல்லியிருக்காரு. தெருமுனையிலயே விழுந்துட்டாரு. அதோட சரி.”

வார்த்தை வார்த்தையாகத் தேடிப்பிடித்து, அதே வாசலில் நின்று, அந்த மனுஷியிடம் போய் நான் சொன்னது இதையா? ரூமே வேண்டாம், எங்கேயாவது ஓடிவிடலாம் என்றிருந்தது.

லீனா எழுந்தார். ஆறின காபியைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடுப்பில் வைத்தார். முதுகைக் காட்டியபடியே சொன்னார். போலீஸ்காரர் மொழிபெயர்த்தார்.

“நாளையிலேர்ந்து போறேன்னு மட்டும் சொல்லணுமாம். எத்தனை மணிக்கு வருவேன்னும் சொல்லணுமாம்.”

நாளையிலிருந்து... அப்படியென்றால் ரூம் இருக்கிறது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை என்று நாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். கேட்பவர் எதை இழந்தவர் என்று தெரியாமல் அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு?

முதல் ஒரு வாரம் நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது. “வாதோ... ஆறு மணி” என்பேன். அவர் நிம்மதியாகத் தலையாட்டுவார்.

இரண்டு வருஷம், பெற்ற பெண் தினமும் காலையில் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள் என்பது அரியாங்குப்பத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.