ஏழு கிலோவும் ரெண்டு நாளும்

ஓடாத பம்பை ஓட வைக்கிறவனுக்கு சர்வீஸ் இன்ஜினியர் என்று பெயர். அவனை ஓட வைக்கிறவருக்கு மேனேஜர் என்று பெயர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி பம்ப் செய்கிறது. விற்ற பம்ப் எந்த ஊரில் நின்றாலும் வேப்பம்பட்டு வீட்டிலிருந்து நான் கிளம்ப வேண்டும். விமானத்தில் போகலாம், ஆனால் கையில் ஏழு கிலோ பை மட்டும். இறங்கிய இடத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தால் கம்பெனி நேரம் வீணாகுமாம். "ரெண்டு நாள் வேலை, ரெண்டு செட் துணி போதும்" என்பார் மேனேஜர். கைப்பையோடு அலையும் என் இனத்தாரே, அந்த ரெண்டு நாள் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காட்டில் என் மூன்று வயது மகளுக்குக் காதுகுத்து. இதே போன்ற "ரெண்டு நாள்" வேலைகளால் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன காதுகுத்து.

எடை மேடை

விமான நிலையத்தில் எல்லார் முன்னாலும் பையைப் பிரித்து ஜட்டியைக் காட்ட எனக்கு விருப்பமில்லை. முதல் நாளே கம்பெனியில் எடை பார்த்துவிடலாம் என்று போனால் ஸ்டோர்ஸ் தராசு ரிப்பேர். ஸ்டோர்ஸ் பார்க்கும் டேவிட் அண்ணன் என்னை லாரி எடை மேடைக்கு அழைத்துப் போனார். இரும்பு லோடு லாரிகள் நிற்கிற இடத்தில் என் பை தன்னந்தனியாக உட்கார்ந்தது. இருபது இருபது கிலோவாகத்தான் எண் ஏறும் மேடை அது; சின்ன எடை அதன் கண்ணில் படாது. போர்டில் சைபர். இன்னொரு துண்டு, ஒரு டிபன் டப்பா என்று சேர்த்துப் பார்த்தோம். அப்போதும் சைபர்தான். அண்ணனுக்கு ஒரே பெருமை.

"இன்னாபா, உன் பைக்கு வெயிட்டே இல்ல! தைரியமா எத்துகினு போ!"

இரும்பு மூக்கு

விமான நிலையத் தராசுக்கு எங்கள் லாரி மேடையின் பெருந்தன்மை கிடையாது. ஒன்பதரை என்றது. ஓரமாகப் போய் பேன்ட்டின் மேல் பேன்ட், சட்டையின் மேல் சட்டை போட்டு, சேஃப்டி ஷூவையும் காலில் மாட்டிக்கொண்டேன். பை ஏழுக்கு வந்தது. அந்த ஷூவின் மூக்கில் இரும்புத் தகடு இருப்பது, சோதனை வாசல் அலறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பைக்குள் இருந்த நீள ஸ்பேனரையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். "இது ஒண்ணு போதும், வேற டூல்ஸ் வேணாம்" என்று மேனேஜர் கையாலேயே கொடுத்த ஸ்பேனர். என்னைத் தடவிப் பார்த்த காவலர் தமிழர். ஒரு பேன்ட்டுக்கு அடியில் இன்னொரு பேன்ட் தட்டுப்பட்டதும் நிதானமாகக் கேட்டார்.

"சார், உள்ள இன்னும் எத்தன பேர் இருக்கீங்க?"

வெறுங்கை

தூத்துக்குடி ஆலையின் ஃபோர்மேன் அண்ணாச்சி கேட்டிலேயே காத்திருந்தார். கடல்நீர் பம்ப் நின்று நாலு நாள்; மேலே இருப்பவர்களிடம் அவருக்கு நல்ல திட்டு. என் பின்னால் டூல் பாக்ஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். எங்கள் பம்ப் போல்ட்டுக்கு எங்கள் கம்பெனி ஸ்பேனர்தான் சேரும், அது இப்போது விமான நிலையத்தில் இருக்கிறது, இன்னொன்று கூரியரில் சனிக்கிழமை வரும் என்று விளக்கினேன். அண்ணாச்சி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பம்பைப் பாத்து துக்கம் விசாரிச்சிட்டுப் போவ வந்தியளா தம்பி?"

தாய்மாமன் மடி

சனிக்கிழமை ஸ்பேனர் வந்தது. பம்பைத் திறந்தால் பேரிங்கும் போயிருந்தது. மேனேஜருக்குப் போன் போட்டேன். மறுநாள் காதுகுத்து, போய்விட்டு உடனே திரும்பி வருகிறேன் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சத்தான் செய்தேன். அவர் வெகு பிரியமாக, குழந்தையை யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள் என்று விசாரித்தார். மனிதர் இளகுகிறார் என்று நினைத்து, "தாய்மாமன் மடியில சார்" என்று சொல்லித் தொலைத்தேன். பதில் தயாராக இருந்தது.

"அப்புறம் இன்னா? மாமன்தான் இருக்காரே, நீ இன்னாத்துக்கு?"

பெரிய பெட்டி

ஞாயிற்றுக்கிழமை பாப்பா அழுததை போனில் பார்த்தேன். கையில் கிரீஸ் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வீடு வந்தபோது காதில் தோடு மின்ன, ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் "ரெண்டு நாள்". அதே பையை எடுத்தேன். என் மனைவி கலா பரணிலிருந்து கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய பெட்டியை இறக்கி வைத்தாள். ஏழு கிலோவுக்கு மேல் விட மாட்டார்கள் என்று நினைவுபடுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் தூசியைத் துடைத்தாள்.

"இத்த எத்துகினு போ. சின்ன பையோட போனா, நீ நாளைக்கே வந்துடுவேன்னு பாப்பா தெனம் வாசல் கேட்டாண்ட போயி நிக்குது."

எங்கள் தொழிலில் "ரெண்டு நாள்" என்று சொல்கிற மேனேஜரும் அதை நம்புவதில்லை, கேட்கிற நானும் நம்புவதில்லை. நம்புவதற்கென்று வீட்டில் மூன்று வயதில் ஓர் ஆள் தேவைப்படுகிறது.