ஃபர்வானியாவில் ஓர் அடைக்கலப் பட்டணம்

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். நர்ஸ் வேலைக்காகக் குவைத்துக்கு வந்தபோது, அப்பா அங்கே ஃபர்வானியா பகுதியில் ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாக இருந்தார். அதுவரை நாங்கள் சந்தித்ததெல்லாம் நாகர்கோவில் லாட்ஜ் அறைகளில்தான். லீவில் வந்தால் அங்கே தங்குவார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவாள். எங்கள் கடற்கரை ஊருக்குள் அவர் வரக்கூடாது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. கடலில் அப்பா நங்கூரம் எறிந்தார். கயிற்றின் சுருக்கு, அதே வள்ளத்தில் இருந்த சிநேகிதனின் காலில் மாட்டி அவனையும் கடலுக்கடியில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பகையில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவன் ஒரே பிள்ளை. அவன் தாய் உயிரோடு இருக்கும்வரை அப்பா ஊருக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஊர்க்கமிட்டி தீர்த்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, வார விடுமுறையில், சர்ச்சில் பூசை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பைபிளில் வரும் பழைய இஸ்ரவேலரின் சட்டம் ஒன்றை அவருக்கு விளக்கினேன். மரம் வெட்டும்போது கோடரி கழன்று பட்டு ஒருவன் செத்துவிட்டால், வெட்டியவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடலாம். பழிவாங்க வருபவன் அங்கே அவனைத் தொட முடியாது. தலைமைக் குரு இறந்ததும் அவன் வீடு திரும்பலாம். அப்பாவுக்கென்றே ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு.

அப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அப்போ அந்தக் குரு எப்போ சாவாருன்னு பாத்துட்டேவா கெடந்தான்?"

"சட்டம் அப்படிப்பா."

"படிச்ச பிள்ள சொன்னா சரிதான். நான் அந்தத் தாய்க்க சாவக் கேட்டதில்ல மக்கா. அவ வாயால 'வா'ன்னு ஒரு வார்த்த. அதுக்குத்தான் கெடக்கேன்."

இந்த ஆண்டு மழைக்காலத்தில் அம்மா போன் செய்தாள். அந்தத் தாய் இறந்துவிட்டாள். டியூட்டி முடிந்து உடைகூட மாற்றாமல் ஓடினேன். அப்பா படிக்கட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இனி ஊருக்குப் போலாம்பா!"

வாளியை வைத்துவிட்டு, ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். "இனி நான் யாருட்ட போய்க் கேக்க?"

அவருடைய லீவுக்கு நானே பேசினேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் தனியாகத்தான் போனார். ஊரில் இறங்கியதும் வீடியோவில் கூப்பிட்டார். அவர் நின்றது எங்கள் வீட்டு வாசலில் அல்ல, அந்தத் தாயின் வீட்டு வாசலில்.

"உள்ள ஆரும் இல்ல மக்கா. பூட்டிக் கெடக்கு."

"நம்ம வீட்டுக்குப் போங்கப்பா. அம்மா சோறு வச்சுக் காத்திருப்பா."

"போறேன். கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்."

போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுவிட்டார். திரை இருண்டது. கடல் இரைந்தது. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் நடக்கும் சத்தம் மட்டும் வரவில்லை.