கேப்பிடல் ஒண்ணு, நம்பர் ஒண்ணு, ஜன்னல் கம்பி ஒண்ணு

ஐ.டி. சப்போர்ட் என்றால் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பாவம், கம்ப்யூட்டர் ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கெல்லாம் நான் ஒருத்திதான் கதி. மெயிலுக்கு ஒன்று, ஸ்டோர்ஸுக்கு ஒன்று, லீவு போட ஒன்று, சம்பளச் சீட்டைப் பார்க்க ஒன்று. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்ற நீல எழுத்தை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்த சகோதர சகோதரிகளே, உங்களில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வருஷம் என் கழுத்தில் கத்தி. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த கையோடு, எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஆள் வருவதாகத் தகவல். எங்காவது பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருப்பது கண்ணில் பட்டால் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்று மேனேஜர் சங்கரலிங்கம் சார் சொல்லிவிட்டார். ஒட்டுவது அவர்கள், வீட்டுக்குப் போவது நான். என்ன நியாயமோ!

ஜன்னல் கம்பி

ஸ்டோர்ஸ் தில்லிபாபு அண்ணன் போன் செய்தார். புது பாஸ்வேர்டு வைக்க வேண்டுமாம். ஒரு கேப்பிடல் எழுத்து, ஒரு நம்பர், ஒரு குறி கட்டாயம் என்றேன். "குறின்னா இன்னாம்மா? இந்த ஜன்னல் கம்பி மாதிரி ஒண்ணு கீதே, அதா?" என்று கேட்டார். அதேதான், ஹாஷ் என்றேன். உடனே மகள் பெயரில் தொடங்கி ஜன்னல் கம்பி வரைக்கும், லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துகிற குரலில், எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். பின்னால் யாரோ "எம்மாம் பெரிய பாஸ்வேர்டு நைனா!" என்று பாராட்டியது எனக்கே கேட்டது.

பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாதுண்ணா என்று கெஞ்சினேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எங்கம்மா சொன்னேன்? அவனா பக்கத்துல நின்னு கேட்டுக்கினான்!"

முன்னாள் பெயர்

மறந்தால் மீட்டெடுக்க ஒரு ரகசியக் கேள்வி வைக்கலாம். எந்தச் சீமையில் உட்கார்ந்து யார் யோசித்த கேள்விகளோ, நம்மூருக்கு ஒன்றும் ஒத்துவராது. பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் கன்னியப்பன் அண்ணனை உட்கார வைத்து, 'கல்யாணத்துக்கு முன் உங்கள் அம்மாவின் பெயர் என்ன?' என்று படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்.

"கண்ணாலத்துக்கு முன்னயும் பச்சையம்மாதான், அப்பாலயும் பச்சையம்மாதான். மாறிச்சுன்னு எவன் சொன்னான், அவன் நம்பரைக் குடு!"

எட்டு ஆகாது

குவாலிட்டியில் எழிலரசி. ஊர் தருமபுரி, இப்போது வெள்ளானூரில் புது ஃபிளாட். சொந்தமாக யோசிக்கவிட்டால் பெயரையும் பிறந்த நாளையும் வைத்துத் தொலைப்பார்கள் என்று நானே கம்ப்யூட்டரை விட்டு ஒரு கடினமான பாஸ்வேர்டு உருவாக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவள் முகம் வாடித் திரும்பி வந்தாள். நியூமராலஜிப்படி எழுத்துக்கு மதிப்புப் போட்டு, நம்பரையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாளாம். எட்டு வருகிறதாம். சனி.

கடைசியில் ஒரே ஒரு 'a' சேர்த்துத் தரச் சொன்னாள். அதெல்லாம் முடியாதும்மா என்றேன். "ஏன்க்கா, என் பேர்லயே ஒரு 'a' சேர்த்துத்தான் வேலை கிடைச்சுது. உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன வலிக்குது?"

ஒரே சாவி

ஆளுக்கொரு வழி சொல்லிப் பார்த்தேன். மனதுக்குப் பிடித்த ஒரு நீள வாக்கியத்தையே பாஸ்வேர்டாக வையுங்கள் என்றேன்; ஒருவர் வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டு, எங்கே இடம் விட்டோம் என்பதை மறந்துபோனார். கடைசியில் ஆப் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாப் பாஸ்வேர்டும் அதற்குள் பத்திரமாக இருக்கும், அதைத் திறக்க ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மீட்டிங்கில் இதை விளக்கியபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சங்கரலிங்கம் சார் திருநெல்வேலிக்காரர். சாவகாசமாகக் கேட்டார், அந்த ஒன்று மறந்துபோனால் என்ன ஆகும் என்று. எல்லாமே போய்விடும் சார் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "இப்ப ஒவ்வொண்ணா மறக்கேன், சமாளிச்சுக்கிடுதேன். எல்லாத்தையும் ஒரே நேரத்துல மறக்கதுக்கு ஒரு ஆப்பு வேறயா?"

சந்தனம், குங்குமம்

ஆப் போயிற்று. பாஸ்வேர்டு எழுதிய சீட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன: மானிட்டரின் முதுகில், கீபோர்டின் அடியில், டேபிள் ஃபேன் மேல் கூட. கிழித்தால் மறுநாள் புதுசு முளைக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கன்னியப்பன் அண்ணன் தலைமையில் ஒரு படையே ஈரத்துணியோடு கிளம்பி, பிரஸ் மெஷினில் தொடங்கி ஆபீஸ் கம்ப்யூட்டர் வரை தேய்த்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனது. விடுமுறை முடிந்து சோதனைக்கு வந்த அம்மாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கீபோர்டு கீபோர்டாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு சீட்டு கூட இல்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் மாதக்கணக்கில் கத்தியும் நடக்காதது எப்படி நடந்தது என்று கன்னியப்பன் அண்ணன் காதில் கேட்டேன். "சாமிக்கு வெக்கிற பொருள்மா. அதுல கண்ட காயிதத்தையும் ஒட்டிக்கினு இருந்தா இன்னா மரியாத?"

பிறகு அந்த அம்மாள், யாராவது ஒருவர் உள்ளே நுழைந்து காட்டுங்கள் என்றார். எழிலரசி மூன்று தடவை தப்பாக அடித்தாள், கணக்கு பூட்டிக்கொண்டது. தில்லிபாபு அண்ணன் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார், அதுவும் பூட்டிக்கொண்டது. நான் பார்த்துக்கிடுதேன் என்று உட்கார்ந்த சங்கரலிங்கம் சாருடையதும் பூட்டிக்கொண்டது. அந்த அம்மாள் முன்னாலேயே ஒவ்வொன்றாக நான் திறந்துவிட்டேன். அவர் பேனாவை மூடினார். "வெளியாள் நுழைய முடியாத கம்பெனி நிறையப் பார்த்திருக்கேன். உள்ளாளே நுழைய முடியாத கம்பெனி இதுதான் முதல் தடவை. பாஸ்."

சாயங்காலம் சங்கரலிங்கம் சார் என் கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்கள அனுப்பிட்டா நாளைக்குக் காலைல நான் எப்படிம்மா உள்ள போவேன்?"

பாஸ்வேர்டை மறக்காமலிருக்க நல்ல வழி ஒன்றைத் தேடி அலைந்த நான், இப்போது அந்த வழியை வேறு யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான் சாமி கும்பிடுகிறேன்.