புக்கிட் தீமாச் சரிவில் ஓர் ஓலைக்கூரை

என் அக்கா பூவம்மாவின் கணவர் மாணிக்கம் சென்ற வாரம் காய்ச்சலில் இறந்துபோனார். சிராங்கூன் சாலையில், மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவரைத் தச்சராகத் தெரியும். கட்டில் செய்தார், கதவு செய்தார். ஆனால் புக்கிட் தீமா மலைச்சரிவில் அவர் கட்டிய கொட்டகையை அங்கே கல் உடைப்பவர்களைத் தவிர வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

குவாரியில் மழைக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு கொட்டகை வேண்டும் என்று கூலிகள் கேட்டுக் கேட்டு, குத்தகைக்காரர் ஒருவழியாகச் சம்மதித்தார். வேலை அத்தானுக்குக் கிடைத்தது. ஓலை வேயலாமா, தகரம் போடலாமா என்று அவர் கேட்டபோது கூலிகள் சிரித்தார்களாம்.

"லயத்துலதான் ஓலைக்குள்ள கெடக்கோம். இங்கயாச்சும் தொரை மாதிரி ஒக்காருறோம், தகரமே போடுங்கண்ணே."

அத்தானுக்கும் அதில் பெருமைதான். ஒரு சொட்டு ஒழுகாமல் ஆணி அடித்துக் கொடுத்தார். முதல் மழையன்று அக்காவிடம் வந்து, "உள்ள தரை காஞ்சு கெடக்கு பூவு" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

பாறையில் வெடி வைப்பதற்கு முன், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் யாரும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. அன்று பிற்பகல் மருந்து திணித்து முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. மருந்து நனைவதற்குள் வெடிக்கச் செய்துவிட வேண்டும் என்று தண்டவாளத்தைத் தட்டினார்கள். தகரத்தின் மேல் மழை இரைந்த இரைச்சலில் கொட்டகைக்குள் இருந்த ஒருவருக்கும் அது கேட்கவில்லை. இராமசாமி என்பவர் வெளியே விட்டிருந்த தம் கூடையை எடுக்க எழுந்து போனார். பறந்து வந்த கல் தலையில் விழுந்தது.

அத்தானை யாரும் குறை சொல்லவில்லை. தண்டவாளத்தைத் தட்டியது உண்மை, கூரை ஒழுகாததும் உண்மை.

இராமசாமியின் மனைவி அன்னம்மாவும் அங்கேதான் கல் சுமந்தார். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர், மழை வந்தால் கொட்டகைக்குள் போகவில்லை. மரத்தடியில் நின்று நனைந்தார். குவாரிக் கிடங்குக்குக் கதவு மாட்டப் போயிருந்த அத்தான் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறார்.

"உள்ள வந்து நில்லும்மா. இருமுறியே."

"அங்க காது அடைச்சுப் போவுது, அண்ணே. எனக்குக் காது வேணும்."

அன்று வீடு வந்தவர் சாப்பிடவில்லை. "தண்ணியப் பத்தி மட்டுந்தான் நெனச்சேன்" என்று அக்காவிடம் சொன்னார்.

மறுவாரம் தகரத்தை அவரே பிரித்தார். பிரித்தால் வேறு சாமான் தர முடியாது என்று குத்தகைக்காரர் கையை விரித்துவிட்டார். அதனால் அக்கம்பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டே கட்ட வேண்டியதாயிற்று. மலையில் முற்றிய மூங்கிலை மட்டும் வெட்டினார், குருத்தை விட்டுவிட்டார். சரிவைத் தோண்டினால் மழையில் மண் இறங்கும் என்று தூண்களைப் பாறைத் துண்டுகளின் மேல் நிறுத்தி, தண்ணீர் அடியில் ஓட வழிவிட்டார். ஆணிக்குப் பதிலாகப் பிரம்பால் கட்டினார். வெடிக்கும் பக்கத்துக்குப் பெரிய பாறையே சுவராக நின்றது. தண்டவாளம் தொங்கும் பக்கத்தைத் திறந்தே விட்டார்.

கூரைக்குக் கிராஞ்சிச் சேற்றில் வளரும் நீப்பாப் பனையின் ஓலை. மலாய்க் குடும்பங்கள் அதைத் தட்டியாகத் தைத்து விற்கும், அத்தாப்பு என்பார்கள். மாட்டுவண்டியில் ஏற்றி வந்தவர் நாகூர்க்காரர் இப்ராஹீம்.

"தகரத்தக் கழட்டிட்டு ஓலை கேக்குற மொத ஆளு நீருதான் மாணிக்கம். வெயில்ல ரொம்ப நேரம் நின்னீரோ?"

"ஓலைக்கு வாய் கெடையாது, ராவுத்தரே. அதான்."

முதல் மழையில் கூரை நன்றாக ஒழுகியது. "வெளிய நின்னா ஒரு மழைதான், உள்ள வந்தா ரெண்டு மழையால்ல பெய்யுது" என்று கூலிகள் கேலி செய்தார்கள். அத்தான் தட்டிகளை நெருக்கி, ஒன்றின் மேல் ஒன்று இன்னும் ஆழமாகப் படியும்படி வேய்ந்தார். கூரையை மேலும் சாய்த்தார். அடுத்த மழை உள்ளே ஒழுகாமல் ஓலை மேல் வழுக்கி இறங்கியது.

அந்த மழையில்தான் அன்னம்மாவிடம் போய்க் கேட்டார்.

"நீ போய் அந்தத் தண்டவாளத்தத் தட்டு தாயி. எப்பத் தட்டுவன்னு சொல்லாத. நான் உள்ள கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

அன்னம்மா போனார். வெகுநேரம் தட்டவே இல்லையாம். கூலிகள் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். கடைசியில் வளையல் தட்டியதுபோல மெல்ல ஒருமுறை தட்டினார். அத்தான் கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கையை உயர்த்தினார்கள். அன்னம்மா சற்று நேரம் மழையிலேயே நின்றார். பிறகு முந்தானையைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்து, எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பெருமழைக் காலத்துக்கு முன் அத்தான் மலைக்குப் போய் மக்கிய ஓலையை மாற்றி வருவார். மக்கியதை மூங்கில் குத்துகளின் அடியில் போடுவார்.

அவர் இறந்த அன்று வானம் இருண்டு கிடந்தது. வாசலில் கூடியவர்கள் நனையக் கூடாதென்று பக்கத்து வீட்டார் பந்தல் கால்களின் மேல் தகரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது இப்ராஹீமின் வண்டி வந்து நின்றது. ஓலைத்தட்டிகளின் மேலிருந்து அன்னம்மா இறங்கினார். அக்காவைக் கட்டிக்கொள்வதற்கு முன் பந்தலை நிமிர்ந்து பார்த்தார்.

"தகரத்த எறக்குங்க" என்றார். அவரோடு வந்த குவாரி ஆட்கள் ஏறி ஓலை வேய்ந்தார்கள்.

பாடை கட்டும்போது மழை வந்தது, கனத்த மழை. அதற்குள்ளும் சங்கு தெளிவாகக் கேட்டது. சேமக்கலத்தின் ஒவ்வோர் அடியும் கேட்டது. அக்கா அழுதுகொண்டே அவரிடம் என்னென்ன கேட்டாள் என்பதும், ஒரு சொல் விடாமல், எங்கள் எல்லோருக்கும் கேட்டது.