மூன்று டோக்கன்

மேசையில் டீலர் பெண், யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர், நான். மெல்போர்ன் கசினோவில் மூன்று சீட்டு போக்கர். என்னிடம் மூன்று டோக்கன். அவை போனால் சிட்னி திரும்பும் பஸ்ஸில் பட்டினிதான்.

ஒன்றை வைக்கிறேன். சீட்டு மோசம். தொடர இன்னொன்று வைக்க வேண்டும். ரம்மிப் பழக்கத்தில் உடனே கவிழ்த்துவிடுகிறேன். வைத்தது போகிறது. டீலர் தன் சீட்டை விரிக்கிறாள். பத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

“ஏன் தம்பி பயந்தனீங்கள்? ராணிக்குக் குறைஞ்சா அவவின்ர கை செல்லாது. நிண்டிருந்தா வெண்டிருப்பீங்கள்,” என்கிறார் அங்கிள்.

“ஊர்ல சீட்டு சரியில்லன்னா முதல்லயே இறங்கிடுவோம், அங்கிள்.”

“இது உங்கட ஊரே?”

மறுபடி ஒன்று வைக்கிறேன். மறுபடியும் மோசம். இந்த முறை கவிழ்க்கவில்லை. கடைசி டோக்கனையும் வைக்கிறேன். டீலரிடம் ராணியோ அதற்கு மேலோ இல்லை. வைத்த இரண்டோடு ஒன்று கூடுதலாக வருகிறது.

“சரி, எழும்பிப் போய்ச் சாப்பிடுங்கோ.”

“ஆமா அங்கிள்,” என்றபடி ஒன்றை முன்னே தள்ளுகிறேன். கையில் இரண்டு.